கேம்ல மதம், இனம், வம்சம்னு வந்து உங்களைத் தூக்கிவாரிப் போட்ட இடம் எது? அனுபவம் இருந்தா சொல்லுங்க

வேங்கி மருமகன்

நானே ஆரம்பிக்கிறேன். போன மாசம் குரூசேடர் கிங்ஸ் 3-ல 1066 ஸ்டார்ட் எடுத்து வீரராஜேந்திர சோழனா ஆடிட்டு இருந்தேன். ஆடாதவங்களுக்கு ஒரு வரி, இதுல நீங்க ஒரு நாடு கிடையாது, ஒரு ஆளு. அந்த ஆளு செத்தா அவன் வாரிசு, அவன் செத்தா அவனோட வாரிசுன்னு ஒரே வம்சத்தை 1453 வரைக்கும் இழுத்துட்டுப் போகணும்.

நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. கூட்டணிக்கு ஆசைப்பட்டு பொண்ணை ஆந்திரக் கரையில இருக்குற வேங்கி நாட்டு கீழைச் சாளுக்கியப் பையனுக்குக் கட்டி வச்சேன். கல்யாண ஸ்கிரீன்ல தாய்வழின்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், அதைப் போட்டா பொறக்குற புள்ள நம்ம வம்சம், ஆனா மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஒத்துக்கவே மாட்டேன்னான், சரி போகட்டும்னு சாதாரணமா முடிச்சு விட்டுட்டேன். நமக்குத்தான் பையன் இருக்கானேன்னு ஒரு தெனாவெட்டு.

அந்தப் பையன் வேட்டைக்குப் போயி செத்தான். பொண்ணு ராணியானா, மூணே வருஷத்துல காய்ச்சல்ல அவளும் போயிட்டா. பட்டத்துக்கு வந்தது அவ மகன். நாடு ஒரு இன்ச் குறையல, படை அப்படியே இருக்கு, கஜானா நெறைஞ்சு கிடக்கு, ஆனா ஸ்கிரீன்ல கேம் ஓவர், ஏன்னா உன் வம்சத்து ஆளு இல்லையாம். ராத்திரி ரெண்டு மணி, ஹெட்செட்டைக் கழட்டி கட்டில்ல எறிஞ்சேன்.

பல்லு விளக்கிட்டு இருக்கும்போதுதான் உறைச்சுது, டேய் இது நெஜமாவே நடந்த கதைடா! 1070-ல வீரராஜேந்திரன் போனதும் மகன் அதிராஜேந்திரன் பட்டத்துக்கு வர்றான், கொஞ்ச மாசத்துலயே கலவரத்துல சாகிறான், அப்புறம் வர்றது யாரு? வேங்கிப் பையன். அப்பா கீழைச் சாளுக்கியன் ராஜராஜ நரேந்திரன், அம்மா ராஜேந்திர சோழன் மக அம்மங்கை தேவி. அவன்தான் முதலாம் குலோத்துங்கன். கிட்டத்தட்ட 50 வருஷம் ஆண்டான், சுங்கம் தவிர்த்த சோழன்னு பேரு வேற வாங்கினான். அவனுக்கு அப்புறம் 150 வருஷத்துக்கு மேல சோழ நாடுன்னு ஒண்ணு ஓடிச்சு. கேம் கணக்குல அது 1070-லயே முடிஞ்சு போச்சு.

நம்ம ஆளுங்க மட்டும் அப்பன் வழி பாக்கலையான்னு கேக்காதீங்க, பாத்தாங்க, புத்தகங்கள்லயே சாளுக்கிய சோழர்னு தனியா தலைப்புப் போட்டு எழுதறவங்க இருக்காங்க. ஆனா அவன் சோழன்னுதான் சொல்லிக்கிட்டான், கல்வெட்டும் சோழன்னுதான் சொல்லுது, ஊரும் ஒத்துக்கிச்சு. தாத்தா வீட்டு சொத்துக்கு வந்து தாத்தா பேரையே வச்சுக்கிட்டவன். இதுக்கு அந்த கேம்ல பட்டனே இல்ல. ஐரோப்பா ராஜ குடும்பத்துக்குன்னு போட்ட கணக்கை அப்படியே காவிரிக்கரையில கொண்டாந்து வச்சா வேற எப்படி இருக்கும்.

உங்களுக்கு இந்த மாதிரி ஏதாச்சும்?

பிரவுசிங் சென்டர் பேய்

எனக்கு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 தான், வேற எதுவும் தெரியாது. ஸ்கூல் முடிஞ்சு பிரவுசிங் சென்டர்ல ஒரு மணி நேரம் 15 ரூபா, நாலு பேரு லேன்ல. அதுல மடத்துல இருந்து ஒரு மொட்டைச் சாமியார் வருவான்ல, கையைத் தூக்கி வொலோலோன்னு ஓதுனா எதிரி யானை நம்ம கலருக்கு மாறிடும். சரசென்னு சொல்ற அரபுக்காரனை எடுத்தாலும் சீனா எடுத்தாலும் அப்ப அதே சாமியார்தான். எங்களுக்கு மதமாவது ஒண்ணாவது, "டேய் சாமியார் விடுறான்டா, குதிரையை அனுப்பு குதிரையை அனுப்பு"ன்னு கத்துவோம்.

அதுல ஹெரஸி, அதாவது மதத்துரோகம்னு ஒரு ஆராய்ச்சி இருக்கும், 1000 தங்கம். அதைப் பண்ணிட்டா நம்ம வீரனை எதிரி சாமியார் மாத்தும்போது அவன் அந்தப் பக்கம் போகாம அங்கேயே செத்து விழுவான். பத்தாவது படிக்கிறப்ப இது செம ஐடியான்னு நெனச்சு எப்பவும் மொதல்ல அதைத்தான் எடுப்பேன். போன தீபாவளிக்கு அக்கா பையனுக்கு சொல்லிக் கொடுத்துட்டு இருந்தேன், "மாமா, மனசு மாறினா எதுக்கு சாவணும்?"னு கேட்டான். நான் அடுத்த ஆராய்ச்சியைக் காட்டி பேச்சை மாத்திட்டேன்.

அப்புறம் இன்னொண்ணு. 2022-ல அதே கேமுக்கு டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியான்னு ஒரு கூடுதல் பாகம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி இந்தியர்கள்னு மொத்தமா ஒரே இனம், எல்லாரும் இந்தியில பேசுவாங்க. அதைப் பிரிச்சு திராவிடர், வங்காளிகள், கூர்ஜரர், இந்துஸ்தானின்னு நாலாக்குனாங்க. திராவிடர் எடுத்து மொத கிராமத்தானை கிளிக் பண்ணினேன், தமிழ்ல பதில் சொன்னான். சும்மா பத்து தடவை அவனையே கிளிக் பண்ணிட்டு இருந்தேன், மரம் வெட்டவே அனுப்பல, எதிரி வந்து அடிச்சுட்டுப் போயிட்டான்.

ராத்திரி ஒரே ஒரு டர்ன்

எங்க வீட்டுல நடந்தது. சிவிலைசேஷன் 4, காலேஜ் படிக்கிறப்ப. ஹால்ல இருந்த கம்ப்யூட்டர்ல ஆடிட்டு இருக்கேன், அம்மா கீரை ஆஞ்சுக்கிட்டே பக்கத்துல. அந்தக் கேம்ல ஏழு மதம் உண்டு, யாரு அந்த டெக்னாலஜியை மொதல்ல கண்டுபிடிக்கிறாங்களோ அவங்க ஊர்ல அந்த மதம் பொறக்கும். தியானம் கண்டுபிடிச்சா பௌத்தம், பல தெய்வ வழிபாடு கண்டுபிடிச்சா இந்து மதம், இப்படி. டமார்னு சத்தத்தோட ஒரு மெசேஜ் வருது, கியோட்டோவில் இந்து மதம் தோன்றியதுன்னு.

அம்மா: யாரு தொடங்கினா?

நான்: ஜப்பான்காரன்மா.

அம்மா கீரையைக் கீழ வச்சுட்டு ஸ்கிரீனைப் பாத்தாங்க. "அப்ப நாம யாரு?"

நான் எடுத்திருந்தது இந்தியா, நாம காந்தி தலைமையில கல்லு உடைச்சுட்டு இருந்தோம். இன்னும் எழுத்தே கண்டுபிடிக்கல. அம்மாவுக்குக் கோவம் வரல, சிரிச்சு சிரிச்சு அப்பாகிட்ட போன் போட்டு சொன்னாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும், அதுல ஏழு மதத்துக்கும் பலன் ஒண்ணேதான், எதுக்கும் தனிக் குணம் வைக்கல. யாரு மனசும் புண்படக்கூடாதுன்னு வேணும்னே அப்படி செஞ்சாங்க. பேரை எடுத்துட்டா ஏழும் ஒண்ணுதான். இத பெரிய தத்துவம்னு எடுத்துக்கறதா இல்ல பயந்துட்டாங்கன்னு எடுத்துக்கறதா, எனக்கு ரெண்டுமே ஓகேதான். சிவிலைசேஷன் 6-ல அப்போஸ்தலர்னு ஒரு ஆளு வந்து மேல இருந்து மின்னல் எறக்கி இன்னொரு மதத்துக்காரனை அடிப்பான், அதுக்கு இது எவ்வளவோ மேல்.

முத்துக்குளி

மக்கா, நான் தூத்துக்குடி. கடற்கரைத் தெரு. யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 ஆடுதேன், 1444-ல ஆரம்பிக்கும். போர்ச்சுகல் எடுத்து ஆப்பிரிக்காவைச் சுத்தி வந்து இந்தியாவுல கால் வச்சாச்சு, நம்ம பக்கத்துக் கரையையும் புடிச்சாச்சு. அந்த மாகாணத்தைக் கிளிக் பண்ணா மதம் இந்துன்னு காட்டுது. மிஷனரியை அனுப்புன்னு ஒரு பட்டன். அமுக்குனேன். மாசத்துக்கு ஒன்றரைப் பர்சென்ட்னு ஒரு பார் ஓடுது, அது ஓடுற வரைக்கும் அங்க கலகம் கூடும், 100 ஆனா முடிஞ்சுது, மாகாணம் மொத்தமும் கத்தோலிக்கு.

நான் என்ன நெனச்சேன்னா, ஏ இது நாம லா? எங்க ஆச்சியோட ஆச்சியோட ஆச்சி இந்தப் பார்குள்ள எத்தனாவது பர்சென்ட்ல இருந்திருப்பா?

நெஜத்துல அப்படி நடக்கவே இல்ல. 1530-கள்ல முத்துக்குளிக்கிற உரிமைக்குப் பெரிய தகராறு, பரதவருக்கு நாலா பக்கமும் நெருக்கடி. ஊர்ப் பெரியவங்க கூடிப் பேசி ஆளை கொச்சிக்கு அனுப்புனாவ, போர்ச்சுகீஸ்காரன் கப்பல் பாதுகாப்பு குடு, நாங்க ஞானஸ்நானம் வாங்குதோம்னு. 1535-ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள சுமாரா 20,000 பேரு. பிரான்சிஸ் சவேரியார் வந்ததே 1542-ல, அதுக்கு அப்புறம். அவரு வந்து பாத்தா பேருக்கு எல்லாரும் கிறிஸ்தவங்க, ஜெபம் ஒருத்தருக்கும் தெரியாது. அப்புறம்தான் உக்காந்து ஜெபத்தைத் தமிழ்ல மாத்தி மனப்பாடம் பண்ண வச்சாரு. கேம்ல மிஷனரி போவான், பார் ஓடும், மதம் மாறும். இங்க மதம் மாறிட்டு பொறவு மிஷனரி வாரான். தலைகீழா.

இன்னொண்ணு, மாகாணத்துக்கு ஒரே மதம்தான் கேம்ல. எங்க தெருவுல இருந்து பத்து நிமிஷம் நடந்தா சிவன் கோவில், அந்தப் பக்கம் திரும்புனா பள்ளிவாசல். மாறுனது ஒரு சனம், ஊர் இல்ல. ஒரு சனமா கூடி, ஒரு கணக்குப் போட்டு மாறலாம்ங்கிறதே கேமுக்குத் தெரியாது. ராஜா மாத்துவான், இல்லன்னா மாத்த மாட்டான், அவ்வளவுதான். எங்க ஆச்சி ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு விடியக்காலைலயே போய் எடம் புடிப்பா, அவகிட்ட இந்தப் பாரைக் காட்டினா வெளக்குமாறுதான் வரும்.

ஞாயித்துக்கிழமைக் குழம்பு

நான் சுருக்கமா சொல்லிட்டுப் போறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3 ஏசியன் டைனஸ்டீஸ், இந்தியா எடுங்க. மாட்டை வெட்ட முடியாது. மாட்டைக் கொண்டு போய் ஒரு புனிதத் தொழுவத்துல விட்டா அது உங்களுக்கு எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட் குடுக்கும். அதே இந்தியாவுக்கு அதிசயக் கட்டடம்னு சார்மினாரும் தாஜ்மஹாலும் இருக்கு. சார்மினாரைச் சுத்தி எத்தனை பிரியாணிக் கடைன்னு செஞ்சவங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். எங்க தெருவுல ஞாயித்துக்கிழமை காலைல எந்தக் கடையில கூட்டம் நிக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. எனக்கு வந்த கடுப்புக்கு பக்கத்து பிரிட்டிஷ்காரன் வளர்த்த மாட்டைத் திருடிட்டு வந்தேன், அப்பவும் வெட்ட விடல.

குரூசேடர் கிங்ஸ் 2-ல 2014-ல இந்தியா வந்தப்ப இந்து ராஜாவுக்கு ஜாதி வச்சாங்க. பிராமணன், சத்திரியன், வைசியன், மூணே மூணு. மிச்சப் பேரு ராஜா ஆக மாட்டான்னு விட்டுட்டாங்க போல. சரி ராஜா ஆகலன்னா மேப்லயாவது இருக்கணும்ல? தஞ்சாவூர்ப் பெரிய கோவில் கல்வெட்டுலயே பறைச்சேரி, தீண்டாச்சேரின்னு பேரு போட்டு நிலக் கணக்கு இருக்கு. வேங்கி மருமகன் அண்ணே, உங்க சோழ நாட்டுல கஜானா நெறைஞ்சு கிடந்துச்சுன்னீங்களே, அது யாரு அறுத்த நெல்லுன்னு அடுத்த தடவை பாருங்க.

வேங்கி மருமகன்

ஞாயித்துக்கிழமை, வாங்கிக்கிட்டேன். நெஜமாவே அந்த கஜானா எங்க இருந்து வருதுன்னு ஒரு நாளும் பாத்ததில்ல, மாசா மாசம் மேல ஒரு பச்சை நம்பர் ஏறும், அவ்வளவுதான்.

ஸ்கார்பரோ தம்பி

நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது கனடாவில. முத்துக்குளி சொன்ன அதே கேம்தான் நானும் விளையாடுறனான், ஏழு வருசமா.

அதில மதம் மாத்துற மாதிரியே பண்பாட்டை மாத்துறதுக்கும் ஒரு பட்டன் இருக்கு. மாகாணத்தின்ட டெவலப்மெண்ட், அதாவது வளர்ச்சி அளவு, ஒண்டுக்கு 10 ராஜதந்திரப் புள்ளி. புள்ளியைக் கட்டிப்போட்டுக் கொஞ்ச வருசம் பாத்துக்கொண்டிருந்தால் அந்தச் சனம் உங்கட சனமாகீடும். கலகம் குறையும், வரி கூடும். நான் ஸ்பெயின் பக்கத்துக் கஸ்தீலாய் விளையாடி, பக்கத்து முஸ்லிம் ராச்சியம் கிரனாடாவை மாத்தியிருப்பன் ஒரு நூறு தரம், ஒருக்காலும் யோசிச்சதில்லை.

கொரோனா நேரம் அப்பா எங்களோட வந்து நிண்டவர். ஊரில வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் தேத்தண்ணியோட வந்து கதிரைக்குப் பின்னால நிண்டு பாத்துக்கொண்டிருந்தார்.

"உதென்ன தம்பி செய்யிறாய்?"

"இந்த இடத்துச் சனத்தின்ட பண்பாட்டை மாத்துறன் அப்பா."

"எவ்வளவு நாள் எடுக்கும்?"

"ஒரு பத்துப் பன்னிரண்டு வருசம்."

"அதுக்குள்ள சனம் ஒண்டும் சொல்லாதோ?"

"இல்லை. புள்ளி கட்டினால் சரி."

அப்பா சிரிச்சார். அந்த நேரம் பார்த்து முடிஞ்சு போச்சு, மாகாணத்தின்ட பேர் பிடிச்ச அண்டைக்கே மாறீட்டுது. அந்தக் கேமில இடத்தைப் பிடிச்ச ஆளின்ட பண்பாட்டுக்கு ஏற்ற மாதிரி ஊர்ப் பேரும் மாறும். அப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பாத்தார். பிறகு, "மணலாறு" எண்டார். அவ்வளவுதான் சொன்னவர். எங்கட நாட்டில மணலாறு எண்ட தமிழ்ப் பேர் 1988-ல வெலிஓயா எண்டு சிங்களப் பேர் ஆனது தெரியாத ஆக்கள் தேடிப் பாருங்கோ. தேத்தண்ணியை அங்கேயே வச்சிட்டுப் போட்டார், நான் கேமை நிப்பாட்டீட்டன்.

பிரவுசிங் சென்டர் பேய்

அண்ணே அதுக்கப்புறம் அந்தக் கேமையே விட்டுட்டீங்களா?

ஸ்கார்பரோ தம்பி

எங்க விடுறது. மிச்சத்தையும் சொல்லுறன், சொன்னால் அப்பா பேசுவார்.

ரெண்டு கிழமையால அவரே வந்து, உதை எனக்கும் காட்டு எண்டார். ஒட்டோமானை எடுத்துக் குடுத்தன், லேசு எண்டபடியால். முதல் நாள் மவுஸ் பிடிக்கவே கை நடுங்கிச்சுது, ஒரு மாதத்தில பால்கனை முழுக்கப் பிடிச்சு வச்சிருக்கிறார். இரவு பன்னிரண்டு மணிக்கு நான் தண்ணி குடிக்க எழும்பி வந்தால் மனுசன் லைட்டும் போடாமல் இருந்து விளையாடுறார். ஸ்கிரீனில ஏதென்ஸ். கிரேக்கப் பண்பாடு. அந்தப் பட்டனுக்கு மேல மவுஸ்.

"அப்பா, என்ன செய்யிறியள்?"

"புள்ளி 999 வந்திட்டுது தம்பி. அதுக்கு மேல சேராது எண்டு நீதானே சொன்னாய், சும்மா வீணாப் போகுது."