அருணின் ஐ20 என்-லைனும் பட்டறைச் சீட்டும்

குழு: பெரிய வீட்டுக் குடும்பம்
சனிக்கிழமை

அருண், காலை 10:12
அனைவருக்கும் வணக்கம். நான் வாங்கிய பழைய ஹூண்டாய் ஐ20 என்-லைன் காருக்குப் பெயர் மாற்றம் முடிந்து பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. 2022-ஆம் ஆண்டு வண்டி. ஏழு கியர் கொண்ட டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச் கியர் பெட்டி வகை. இன்று அதைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் சர்வீசுக்கு விட்டிருக்கிறேன். ஆயிலும் ஃபில்டர்களும் மாற்றுவதோடு இன்ஜின் டிகார்பனைசிங் (பெட்ரோல் டேங்கில் மருந்து ஊற்றிக் கரியை நீக்குவது), எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கிளீனிங், அடிப்பகுதிக் கோட்டிங், பெயின்ட்டின் மேல் பூசும் செராமிக் கோட்டிங், ஏசி கிருமிநீக்கம் என்று ஒரு நீண்ட சீட்டை அனுப்பியிருக்கிறார்கள். சீட்டின் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். பெரிய மாமா, வேலையைத் தொடங்கச் சொல்வதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும்.

பெரிய மாமா, காலை 10:31
மகிழ்ச்சி, அருண். படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றையும் மாற்றச் சொல். பழைய உரிமையாளர் கடைசியாக எப்போது மாற்றினார் என்பதற்கு ரசீது இல்லாத வண்டியில் இதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. ஊற்றப்போகும் ஆயில் வண்டியின் கையேட்டில் சொல்லப்பட்ட தரத்தில்தான் இருக்கிறதா என்று டப்பாவை வாங்கிப் பார். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது, அதைத் தேயாமல் காப்பது மெல்லிய ஆயில் படலம்தான். மற்ற வேலைகள் எல்லாவற்றையும் இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்.

அருண், காலை 10:36
சரி மாமா, அப்படியே சொல்லிவிட்டேன். ஆனால், நேரடியாக எரிபொருள் பீய்ச்சும் இன்ஜின்களில் கரி படியும் என்று பட்டறை மேற்பார்வையாளர் சொன்னபோது எனக்கு அதில் உண்மை இருப்பதாகத்தான் தோன்றியது.

பெரிய மாமா, காலை 10:58
அவர் சொன்ன காரணம் உண்மை. அதற்கு அவர் விற்க நினைத்த மருந்துதான் பொருந்தாது. பழைய வகை இன்ஜின்களில் பெட்ரோல் உள்ளிழுக்கும் வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கப்படுவதால், வால்வின் முதுகு ஒவ்வொரு முறையும் பெட்ரோலால் கழுவப்பட்டுவிடும். உன் வண்டியில் இருக்கும் 998 சி.சி. மூன்று சிலிண்டர் டர்போ ஜிடிஐ இன்ஜினில் பெட்ரோல் நேராக எரியறைக்குள் பீய்ச்சப்படுகிறது. வால்வின் முதுகை அது தொடுவதே இல்லை. அதனால் இன்ஜினின் உள்ளிருந்து திரும்பி வரும் ஆயில் ஆவி அங்கே மெல்ல மெல்லப் படிந்து கரியாகிறது.

இப்போது நீயே யோசித்துப் பார். பெட்ரோலே போய்ச் சேராத இடத்தை, பெட்ரோல் டேங்கில் ஊற்றும் ஒரு புட்டி மருந்து எப்படிச் சுத்தம் செய்யும்? இன்ஜெக்டரின் முனையில் அதனால் சிறிது பயன் இருக்கலாம். வால்வுக்கு ஒரு பயனும் இல்லை. கரி உண்மையிலேயே அதிகமாகிவிட்டால், உள்ளிழுக்கும் குழாய் அமைப்பைக் கழற்றி, அக்ரூட் ஓட்டைப் பொடித்த துகளைக் காற்றழுத்தத்தோடு அடித்துச் சுரண்டுவதுதான் முறையான வைத்தியம். காலையில் கிளப்பும்போது இன்ஜின் தடுமாறுவது, நின்ற நிலையில் ஓட்டம் சீராக இல்லாதது, இழுவை குறைவது போன்ற அறிகுறிகள் தென்படாத வண்டிக்கு அதுவும் வேண்டாம்.

கார்த்திகா அக்கா, காலை 11:05
அருண், கரி கிடக்கட்டும். நீ வேளச்சேரியில் இருக்கிறாய். அந்த வண்டியும் சென்னையிலேயே ஓடிய வண்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீரில் நின்ற வண்டியா என்று பார்த்துத்தான் வாங்கினாயா?

அருண், காலை 11:11
பார்த்தேன் அக்கா. மாமா சொல்லிக் கொடுத்தபடி முன் இருக்கைகளின் அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இருக்கை பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்து, அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இல்லை என்பதையும், டிக்கியில் உபரிச் சக்கரம் இருக்கும் குழி காய்ந்து சுத்தமாக இருப்பதையும் உறுதி செய்துகொண்டேன். டயர்கள் நான்கும் வண்டியோடு வந்தவையே. பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில், தயாரிப்பு ஆண்டைக் காட்டும் கடைசி இரண்டு இலக்கங்கள் 22 என்றே இருக்கின்றன.

வாசுகி சித்தி, காலை 11:20
வண்டியின் படத்தைப் பார்த்தேன், அழகாக இருக்கிறது. ஆனால் பானெட்டில் வெயில் படும் இடத்தில் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிகின்றனவே? தினமும் துடைக்க ஆள் வைத்திருக்கிறாய்தானே?

பெரிய மாமா, காலை 11:34
வாசுகி, ஆள் வைத்துத் தினமும் துடைத்ததால்தான் அந்தக் கீறல்கள் வந்தன. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒரே வாளித் தண்ணீரையும் ஒரே துணியையும் வைத்து இருபது வண்டிகளைத் துடைக்கிறார்கள். முதல் வண்டியின் மணல் இருபதாவது வண்டிவரை பயணம் செய்கிறது. தூசி படிந்த பெயின்ட்டின் மேல் ஈரத்துணியை வட்டமாக ஓட்டுவது, உப்புத்தாளால் மெதுவாகத் தேய்ப்பதற்குச் சமம். அந்த மனிதரைக் குறை சொல்வதற்கில்லை. மாதச் சம்பளம் பேசி நாம் கேட்டுக்கொண்ட வேலையைத்தான் அவர் செய்கிறார்.

வாசுகி சித்தி, காலை 11:41
அண்ணா, அதற்காகத் தூசியோடு வண்டியை அப்படியே விட்டுவிட முடியுமா? நாங்கள் தூத்துக்குடியில் இருக்கிறோம். ஒரு வாரம் தொடாமல் விட்டால் உப்பங்காற்றில் கண்ணாடியே பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது.

பெரிய மாமா, காலை 11:52
உன் ஊருக்கு அது நியாயமான கேள்விதான். கடற்கரையிலும் உப்பளத்துப் பக்கமும் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரைப் பீய்ச்சி வண்டியை அலச வேண்டும். சக்கர வளைவுகளுக்குள்ளும் அடிப்பகுதியிலும் அலசுவது மேலே அலசுவதைவிட முக்கியம். நான் வேண்டாம் என்று சொல்வது தண்ணீரை அல்ல, காய்ந்த தூசியின் மேல் துணி படுவதை.

அருண், உனக்குச் சொல்கிறேன். துடைக்கும் தம்பியிடம் சம்பளத்தைக் குறைக்காமல், சக்கரங்களையும் கண்ணாடிகளையும் மட்டும் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிடு. அவருக்கென்று தனியாக இரண்டு துணிகளும் வாங்கிக் கொடு. மற்றதை நீயே நிழலில், வண்டி சூடாக இல்லாத நேரத்தில் கழுவு. முதலில் வெறும் தண்ணீரால் மணலைக் கீழே இறக்க வேண்டும். பிறகு ஷாம்பு கரைத்த ஒரு வாளியும், துணியை அலசுவதற்கென்று மற்றொரு வாளியும் வைத்துக்கொண்டு, கூரையிலிருந்து கீழ்நோக்கி நேர்க்கோட்டில் தேய்த்து வர வேண்டும். பாத்திரம் துலக்கும் திரவத்தை ஊற்றிவிடாதே, மேலே பூசியிருக்கும் மெழுகையும் அது எடுத்துக்கொண்டு போய்விடும். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துடைக்கும் வழக்கத்தையும் இந்த வண்டியோடு நிறுத்திவிடலாம். மைக்ரோஃபைபர் துணிகள் நான்கு வாங்கினால் போதும்.

அருண், மதியம் 12:06
எங்கள் குடியிருப்பில் போர்வெல் தண்ணீர்தான் வருகிறது மாமா. காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுகிறது. கண்ணாடியில் இருக்கும் பழைய புள்ளிகள் நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை.

பெரிய மாமா, மதியம் 12:15
அது கால்சியம் உப்பு. வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து, கண்ணாடியின் மேல் சில நிமிடம் வைத்திருந்து துடைத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். பெயின்ட்டின் மேல் இன்னும் நீர்த்த கலவையைப் போட்டு உடனே அலசிவிட வேண்டும். வெயிலில் நெடுநாள் வெந்த புள்ளி பெயின்ட்டுக்குள் இறங்கியிருந்தால் பாலிஷ்தான் வழி. இனிமேல் புள்ளி விழாமல் இருக்க, கடைசி அலசலுக்கு ஒரு வாளி ஆர்.ஓ. தண்ணீரை வைத்துக்கொண்டு, காய்வதற்கு முன் ஒற்றி எடுத்துவிடு. செராமிக் கோட்டிங்கை இந்தக் கீறல்களின் மேல் இப்போதே பூசினால் கீறல்களைப் பத்திரப்படுத்தியதுபோல் ஆகும். அதனால்தான் அதையும் நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

பிரவீன், மதியம் 12:40
அருண் அண்ணா, 120 குதிரைத்திறன் வண்டியை வைத்துக்கொண்டு தண்ணீர்ப் புள்ளியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்களே! இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவை ரீமேப் செய்தால், அதாவது அதன் மென்பொருளை மாற்றி எழுதினால், இதே இன்ஜினில் இன்னும் நிறைய வேகம் எடுக்கலாம் என்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அந்த வண்டி செய்யப்படும் ஆலை இருக்கும் இருங்காட்டுக்கோட்டையிலேயே பந்தயத் தடமும் இருக்கிறது. ஒருநாள் அங்கே எடுத்துச் செல்லுங்கள்.

பெரிய மாமா, மதியம் 12:52
பிரவீன், தடத்துக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன். அங்கே போவதற்கு முன் பிரேக் திரவத்தைப் புதிதாக மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்வேன். ரீமேப் வேறு விஷயம். அந்த இன்ஜின் தரும் 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்குக் கணக்குப் போட்டுத்தான் கியர் பெட்டியில் இருக்கும் உலர் கிளட்சுகளை வைத்திருக்கிறார்கள். முறுக்குவிசையை ஏற்றினால் கூடுதல் சுமை முழுவதும் அங்கேதான் போய் விழும்; உத்தரவாதமும் கையைவிட்டுப் போகும்.

அருண், மதியம் 1:10
கிளட்ச் என்றதும் நினைவுக்கு வருகிறது மாமா. பழைய மகாபலிபுரம் சாலையில் மாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால், முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையில் ஒரு சிறு நடுக்கம் தெரிகிறது. காலியான சாலையில் அப்படி எதுவும் இல்லை. இதற்கும் சீட்டு எழுதட்டுமா என்று பட்டறையில் கேட்கிறார்கள்.

பெரிய மாமா, மதியம் 1:29
சீட்டு எழுத விடாதே. முதலில் நீ ஓட்டும் முறையை மாற்றிப் பார். டிசிடி என்பது, திரவத்தின் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக் அல்ல. உள்ளே இரண்டு கிளட்சுகள் இருக்கின்றன. ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கும் மற்றொன்று இரட்டைப்படை கியர்களுக்கும் பொறுப்பு. இரண்டும் ஆயிலில் மூழ்காத உலர் கிளட்சுகள் என்பதால், அவற்றில் எழும் சூடு காற்றில்தான் தணிய வேண்டும். பிரேக்கை அரைகுறையாக அழுத்திக்கொண்டு, முன்னால் இருக்கும் வண்டி ஓரடி நகர்ந்தால் நாமும் ஓரடி நகர்வது என்று ஓட்டும்போது, கிளட்ச் முழுதாகப் பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் உரசிக்கொண்டே இருக்கும். எந்த நிறுவனத்தின் உலர் இரட்டைக் கிளட்சுக்கும் இது பொருந்தும்.

ஆகவே, நெரிசலில் பிரேக்கை முழுதாக அழுத்தி நில்; அப்போது கிளட்ச் தானே விலகிக்கொள்ளும். முன்னால் ஒரு வண்டி நீளத்துக்கு இடம் விழுந்த பிறகு பிரேக்கை முழுதாக விட்டு, தயங்காமல் நகர்ந்து மறுபடி நில். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், ஆட்டோ ஒன்று அந்த இடைவெளியில் நுழையவும் செய்யும், இரண்டையும் பொறுத்துக்கொள். மேம்பாலத்து ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடு, கிளட்சுக்கு அதைவிடப் பெரிய தீங்கு இல்லை. கியர் பெட்டி சூடாகிவிட்டது என்று திரையில் எச்சரிக்கை வந்தால், பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி, ‘பி’யில் போட்டு, இன்ஜினை அணைக்காமல் அது ஆறும்வரை காத்திரு. இப்படிச் சில வாரம் ஓட்டிய பிறகும் நடுக்கம் போகவில்லை என்றால், கம்ப்யூட்டரை இணைத்து கிளட்ச் பிடிக்கும் புள்ளியைச் சரிபார்க்கும் வசதி உள்ள இடத்துக்குக் கொண்டுபோ.

கார்த்திகா அக்கா, மதியம் 1:44
மாமா, எங்கள் கோயம்புத்தூர்ப் பிரச்சினைக்கும் ஒரு வழி சொல்லுங்கள். தென்னந்தோப்பு பக்கத்தில் இருப்பதால் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. போன மழைக்காலத்தில் இன்ஜின் பகுதியில் ஒயரைக் கடித்து வைத்ததால் வண்டி கிளம்பவே இல்லை. புகையிலையைத் துணியில் முடிந்து உள்ளே கட்டினோம். முதல் சில நாட்களுக்குப் பிறகு எலி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டுப் போனது.

பெரிய மாமா, மதியம் 1:57
வாசனை எல்லாம் எலிக்குப் பழகிவிடும், கார்த்திகா. எலி இருட்டையும் கதகதப்பையும் தேடித்தான் அங்கே வருகிறது. வீட்டு வளாகத்துக்குள் நிறுத்துவதாக இருந்தால் இரவில் பானெட்டைத் திறந்து வைத்து, மேலே ஒரு சிறு விளக்கைப் போட்டு வை. கடைகளில் கிடைக்கும் மருந்துகளைவிட இது பலன் தரும். வண்டிக்குள் குழந்தைகள் சிந்திய முறுக்குத் துண்டுகளை அன்றன்றே எடுத்துவிடு. அருண், உன் வண்டி வேப்பமரத்தடியில் நிற்பதைப் படத்தில் பார்த்தேன். முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் சேரும் சருகைக் கையால் அள்ளிவிடு. அங்கே தண்ணீர் வடியும் துளை அடைபட்டால் மழைநீர் கேபினுக்குள் இறங்கக்கூடும். ஏசி ஃபில்டர் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது, ஒரு கருவியும் இல்லாமல் நீயே மாற்றலாம். சீட்டில் இருக்கும் கிருமிநீக்கத்துக்குப் பதிலாக அதை முதலில் செய்து பார்.

வாசுகி சித்தி, மதியம் 2:20
வருகிற ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கலாமா, அதற்கும் அண்ணாவிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

பெரிய மாமா, மதியம் 2:26
தாராளமாக வை, வாசுகி. அருணின் வண்டி வெள்ளை நிறம். அதனால் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைத்தால் போதும். மஞ்சளும் குங்குமமும் பானெட்டில் ஒரு பகல் வெயிலில் காய்ந்தால் கறை இறங்கிவிடும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதால் டயருக்கு ஒன்றும் ஆகாது; அதன் சாற்றைப் பெயின்ட்டில் தெளிக்க மட்டும் வேண்டாம்.

கார்த்திகா அக்கா, மதியம் 2:33
அருண், காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேர்த்துக்கொள். தண்ணீர் புகுந்த இன்ஜினைக் கிளப்பியதால் வரும் சேதத்தைச் சாதாரண பாலிசியில் பொதுவாகத் தர மாட்டார்கள். மழை வெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டால் ஸ்டார்ட் பொத்தானைத் தொடவே தொடாதே; கட்டி இழுத்துப் போகும் வண்டியை வரவழை.

அருண், மாலை 4:48
எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பட்டறையிலிருந்து திருத்திய சீட்டு வந்திருக்கிறது, படம் கீழே. நீங்கள் பிரவீனிடம் சொன்னதைப் பார்த்துவிட்டுப் பிரேக் திரவத்தையும் சோதிக்கச் சொன்னேன்; ஈரம் ஏறியிருப்பதாகக் கருவியில் காட்டினார்கள். பின் சக்கரங்களிலும் டிஸ்க்தான் என்பதால் நான்கு பக்கமும் பேடுகளைக் கழற்றிப் பார்த்தார்கள், தேய்மானம் குறைவுதான்.

பெரிய மாமா, மாலை 5:03
பிரேக் திரவத்தை மாற்றச் சொல். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது, இதில் சிக்கனம் வேண்டாம். சீட்டில் நான்காவது வரியையும் ஒன்பதாவது வரியையும் பார்த்தாயா? ஏர் ஃபில்டரை இரண்டு முறை எழுதியிருக்கிறார்கள். ஒன்றை அடித்துவிட்டுப் பணம் கட்டு. கழற்றிய பழைய ஃபில்டர்கள் இரண்டையும் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வா.

அருண், மாலை 5:09
இப்போதுதான் கவனித்தேன் மாமா. ஒன்பதாவது வரியை அடித்துப் புதிய சீட்டு தருகிறார்கள்.