அமெரிக்க நாட்டுப்புறக் கிட்டார் கலைஞர் எலிசபெத் காட்டனை நீங்கள் எப்படிக் கண்டடைந்தீர்கள்? ரசிகர்கள் சிலரின் பதில்கள்:

கிட்டார் கற்கப் போகிறவர்களின் கைக்கு ‘ஃப்ரெய்ட் ட்ரெய்ன்’ (சரக்கு ரயில்) என்ற அவர் பாட்டு எப்படியும் ஒருநாள் வந்து சேரும். எனக்கும் அப்படித்தான். பிறகு அவரே வாசிக்கும் பழைய வீடியோ ஒன்றைப் பார்த்துத் திகைத்துப் போனேன். இடக்கைக்காரர். கம்பிகளை மாற்றிக் கட்டாமல், மற்றவர்களின் கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்து வாசிக்கிறார். நாம் கட்டைவிரலால் தட்டும் தடித்த பேஸ் கம்பிகளை அவர் விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. மெட்டு கட்டைவிரலில் வருகிறது. பார்த்துப் பார்த்துப் பழகலாம் என்று மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள், தலை சுற்றும்.

*

நான் வட கரோலினாவில், சாப்பல் ஹில் பக்கம் இருக்கிறேன். 1893-ல் அவர் பிறந்தது இங்கேதான், கார்பரோவில். தண்டவாளத்தை ஒட்டி ஓடும் சைக்கிள் பாதைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அதில் தினமும் போய்வந்த பிறகுதான் யார் இந்த அம்மா என்று தேடினேன். சிறுமியாக வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் 3.75 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கியிருக்கிறார். அந்த ரயில் பாட்டும் அந்த வயதில் கட்டியதுதான். அப்புறம் கல்யாணம், குழந்தை, ‘இதெல்லாம் லௌகீகப் பாட்டு, விட்டுவிடு’ என்ற சர்ச்சின் கண்டிப்பு. பல பத்தாண்டுகள் கிட்டாரைத் தொடவில்லை. வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது, தொலைந்துபோன ஒரு சிறுமியைக் கண்டுபிடித்துத் தாயிடம் ஒப்படைத்தார். அவள்தான் பின்னாளில் நாட்டுப்புறப் பாடகியான பெகி சீகர். அந்த இசைக் குடும்பத்திலேயே சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் சேர்ந்தார். சுவரில் கிட்டார்கள் தொங்கிய வீடு அது!

*

எல்லாரும் இந்தக் கதையைத் தேவதைக் கதை மாதிரி சொல்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை. பெகி அந்த ரயில் பாட்டை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1957-ல் அது அங்கே ஹிட்டானபோது இயற்றியவர்கள் என்று யார் யார் பெயரோ இருந்தது. சண்டை போட்டுத்தான் காட்டனின் பெயர் ஏறியது. முதல் இசைத்தட்டு 1958-ல், பெகியின் அண்ணன் மைக் சீகர் காட்டனின் வீட்டிலேயே பதிவு செய்தது. அறுபதைத் தாண்டிய வயது. கிராமி இசை விருது வந்தது 1985-ல், இறப்பதற்கு இரண்டே ஆண்டு முன்னால்.

*

புதிதாகக் கேட்கிறவர்கள் அவருடைய ‘ஷேக் ஷுகரி’ பாட்டில் தொடங்குங்கள். அதில் பாடுவது பாட்டி இல்லை, 12 வயதுக் கொள்ளுப்பேத்தி. வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக அடகுக்குப் போகிற பாட்டு, அந்தக் குழந்தை சிணுங்காமல் பாடுகிறது. கிட்டார் பாட்டியுடையது. ரயில் பாட்டைவிட எனக்கு இதுதான் ஒரு படி மேல்.