எக்கலும் மேடேறலும்

ஐயா, வணக்கம்.

கடலோரச் சதுப்பு பற்றிய நம் கலைச்சொல் பட்டியலுக்குத் தாங்கள் எழுதியனுப்பிய 'உவர்ச்சதுப்பு', 'தூர்தல்', 'படிவு' மூன்றையும் பார்த்தேன். 'உவர்ச்சதுப்பு' என்ற சொல்லில் எனக்குச் சண்டை இல்லை. முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் உமரி என்ற உவர்நிலச் செடி படர்ந்து கிடக்கும் நிலத்துக்கு அது போதும். அங்கே தரை உயர்வதற்குத் தாங்கள் சொன்ன 'தூர்தல்' மட்டும் வேண்டாம். வாய்க்கால் தூர்ந்தது என்றாலே தூர்வாரச் சொல்லிக் கோரிக்கை கிளம்பும் ஊர் நம்முடையது. சதுப்புக்கோ தரை உயர்வதுதான் பிழைப்பு. கடல்மட்டத்தோடு சேர்ந்து ஏறாவிட்டால் செடிகள் மூழ்கிச் சாகும்.

'படிவு' பாதியைத்தான் சொல்கிறது. அளக்கும் முறையைப் பாருங்கள். சேற்றின்மேல் ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தின் வெண்பொடியைத் தூவிவிடுகிறார்கள். ஓராண்டு கழித்து அங்கே ஒரு துண்டு வெட்டியெடுத்தால், பழுப்புச் சேற்றின் நடுவே வெள்ளைக் கோடு தெரியும். அதற்கு மேலிருப்பது, உமரித் தண்டுகள் ஓதநீரின் வேகத்தை மட்டுப்படுத்தியதால் இறங்கிய வண்டல். கோட்டுக்குக் கீழே நடப்பது வேறு கதை. வேர்கள் பெருகித் தரையைத் தூக்கலாம். பழைய சேறு இறுகி அமுங்கவும் செய்யலாம். மேலே பத்து மில்லிமீட்டர் சேர்ந்தும் தரை நான்கே மில்லிமீட்டர் உயர்ந்திருக்கக்கூடும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் அட்டவணை பொய் சொல்லும்.

ஆகவே, கோட்டுக்கு மேல் சேர்வது எக்கல். தரைமட்டம் உயர்வது மேடேற்றம்.

---

அம்மா, வணக்கம்.

தூர்தலை விட்டுக்கொடுத்தேன். ஆனால் எக்கல் என்பது பழைய 'எக்கர்'தானே? ஐங்குறுநூற்றின் 'எக்கர் ஞாழல்' என்ற மரம் நிற்பது மணல்மேட்டில். மணலின் சொல்லைச் சேற்றுக்குப் பூசலாமா?

---

ஐயா, எங்கள் பக்கம் ஆற்றுவெள்ளம் வடிந்தபின் வயலில் தங்கும் மண்ணையும் எக்கல் என்றுதான் சொல்கிறோம். சொல் எப்போதோ மணலைவிட்டு இறங்கிவிட்டது.

---

அம்மா, அப்படியானால் எக்கல் இருக்கட்டும். 'மேடேற்றம்' என்றால் யாரோ மண்ணைக் கொட்டி ஏற்றியதுபோல் ஒலிக்கிறது. 'மேடேறல்' என்று வைத்தால் தானே ஏறுவது விளங்கும். மேடேற்றத்தையும் வீணாக்க வேண்டாம். சீனாவில் 1979இல் அமெரிக்காவின் ஸ்பார்ட்டினா புல்லைக் கொண்டுவந்து நட்டது, கரையைக் காக்கவும் சேற்றைப் பிடித்து நிலம் ஆக்கவும்தானே? அது மேடேற்றம். அந்தப் புல்லை அழிக்க இப்போது அவர்கள் படும் பாட்டுக்கு எந்தச் சொல்லைத் தேடுவது என்பதை அடுத்த மடலில் பார்ப்போம்.