1954 மின்ட் செட்: அசலா, பிறகு சேர்த்ததா?

வணக்கம் நண்பர்களே. ஃபிராங்க்ளின் அரை டாலர் (அமெரிக்கக் காசு, 1948–1963, 90 சதவீத வெள்ளி) சேர்ப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

தெரிந்தவர் ஒருவர் 1954 மின்ட் செட் (அந்த ஆண்டுக் காசுகளை அரசு நாணயச் சாலையே அட்டையில் வைத்து விற்ற தொகுப்பு) ஒன்றை விற்கிறார். பழைய அட்டையில் 30 காசுகளும் இருக்கின்றன. பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ என மூன்று நாணயச் சாலைகளிலும் அடித்தவை, வகைக்கு இரண்டு. அரை டாலர் மட்டும் ஆறு.

அதில்தான் சந்தேகம். நான்கு காசுகளில் அட்டை பட்ட பக்கம் நீலமும் பழுப்புமாக நிறம் ஏறியிருக்கிறது, மறுபக்கம் வெளுப்பு. பின்பக்க மணிப் படத்துக்கு மேலே ‘எஸ்’ குறி (சான் பிரான்சிஸ்கோவில் அடித்ததன் அடையாளம்) உள்ள இரண்டும் இருபுறமும் பளபள. ஒன்றில் ஃபிராங்க்ளின் கன்னத்தில் மெல்லிய கீறல்கள் வேறு. எடை சரியாக 12.5 கிராம், அதனால் போலி என்று நினைக்கவில்லை. மணியின் அடிக்கோடுகள் மங்கல்தான், ஆனால் சான் பிரான்சிஸ்கோ காசுகளில் அது சகஜம் என்பதால் கணக்கில் எடுக்கவில்லை.

யாரோ மருந்தில் முக்கிக் கழுவியிருப்பார்களா, இல்லை வேறு காசுகளை மாற்றி வைத்திருப்பார்களா? எதை வைத்துப் பிரித்தறிவது? அட்டைக் குழிக்குள் கறை வளையம் இருக்கிறதா என்று பார்த்தால் போதுமா? அசல் செட் விலை கேட்கிறார், அதுதான் யோசனை. படங்களைக் கீழே போடுகிறேன்.