பையன் பெயர் எந்தச் சத்தத்தில் முடிந்தால் நன்றாக இருக்கும்?

கோபி அம்மிணி:
எல்லோருக்கும் வணக்கமுங்க. எங்களுக்கு இரண்டாவதாகப் பையன் பிறந்திருக்கிறான், ரோகிணி நட்சத்திரம். ஜோசியர் ஓ, வ, வி, வு இந்த நாலில் ஒன்றில் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார், அதனால் முதல் எழுத்துக்குச் சண்டை கிடையாது, சண்டை எல்லாம் கடைசி எழுத்துக்குத்தான். வீட்டுக்காரருக்கு ஷ் என்று முடிய வேண்டும், வினிஷ், விதேஷ் என்று பட்டியலே வைத்திருக்கிறார். எனக்கு ன் பிடிக்கும், வளவன் என்று சொன்னால் வாத்தியார் பெயர் மாதிரி இருக்கிறது என்கிறார். மாமியாருக்குச் சாமி என்று முடிந்தால் போதும். மாமனார் பழனிச்சாமி, அவர் அப்பா குமாரசாமி, அந்த வரிசை விட்டுப்போகக் கூடாதாம். வேலுச்சாமி என்றார், வே என்றால் மிருகசீரிடத்துக்குப் போய்விடும் என்று ஜோசியர் தலையாட்டிவிட்டார். பெரியவள் பெயர் யாழினி. அவள் பெயரோடு சேர்த்துச் சொன்னால் ஒட்ட வேண்டும், தோட்டத்தில் நின்று கூப்பிட்டால் அந்தக் கடைசி வரை கேட்க வேண்டும். ன் நிஜமாகவே பழசாகிவிட்டதா? வேறு என்ன முடிவுகள் இருக்கின்றன?

நொய்யல்கரை:
தோட்டத்தில் நின்று கூப்பிடுவது என்று எழுதினீர்களே, அதை வைத்தே முடிவு பண்ணுங்கள் அம்மிணி, மற்றதெல்லாம் அப்புறம். ன் முடிகிற பெயரை யாரும் ன் வரை சொல்லிக் கூப்பிடுவதில்லை. வளவன் வளவா ஆகிவிடும், விசாகன் விசாகா ஆகிவிடும், அந்த ஆ எவ்வளவு இழுத்தாலும் போகும். இ என்று முடிந்தாலும் அப்படித்தான், சாமி சாமீ ஆகும். ஷ் பெயரை இழுத்துப் பாருங்கள், வாயில் காற்றுத்தான் வரும். அதனால்தான் நம் ஊர் ஆத்தாமார்கள் வினிசு, விதேசு என்று ஒரு உ வைத்து ஒப்பேற்றுகிறார்கள், அது அவர்களுக்குப் படிப்பில்லாததால் வருவதில்லை. தொல்காப்பியத்தில் கூப்பிடுவதற்கென்றே விளிமரபு என்று ஒரு பகுதி உண்டு, ஆட்களைக் குறிக்கிற பெயர்களில் மெய்யில் முடிபவை ன், ர், ல், ள் இந்த நாலுதான் விளி ஏற்கும் என்கிறது, உயிரில் இ, உ, ஐ, ஓ. உங்கள் வீட்டுக்காரர் பட்டியலில் இருப்பது இதில் எதிலும் சேராது. கூப்பிடும்போது என்ன ஆகிறதோ அதுதான் பையனின் நிஜப் பெயர், சான்றிதழில் இருப்பது பள்ளிக்கூடத்துக்கு.

கரூர் மாமா:
மாமியார் கேட்பதைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். எங்கள் பக்கம் புகளூர் ஆறுநாட்டார் மலையில் பழைய தமிழ் பிராமி கல்வெட்டு இருக்கிறது, சேர அரசர்கள் மூன்று தலைமுறை வரிசையாக வரும்: ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ. அப்பனுக்கும் மகனுக்கும் முடிவு ஒன்றே, முன்னால் பெரு, இள என்று மட்டும் மாறுகிறது. பழனிச்சாமி, குமாரசாமி என்று உங்கள் வீட்டில் செய்வதும் அதே வேலைதான். நம் ஊர்ப் பழைய பெயர்களில் பாதிக்கு முடிவு கோயிலைப் பார்த்து வந்ததுதான், சென்னிமலைக்குச் சென்னியப்பன், மருதமலைக்கு மருதாசலம், திருச்செங்கோட்டுக்கு அர்த்தநாரி, அவிநாசிக்கு அவிநாசியப்பன். ஆனால் ஒன்று, சாமி என்று வைத்தாலும் வைக்காவிட்டாலும் உங்கள் மாமியார் அவனைச் "சாமி, இங்க வா சாமி" என்றுதான் கூப்பிடப் போகிறார், ஆகவே அவர் ஆசை தானாகவே நிறைவேறிவிடும். மாமனார் பெயரையே வைத்தால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள், பையனைப் பெயர் சொல்லித் திட்ட முடியாது.

சோமனூர் தறி:
வீட்டுக்காரருக்கு ஆள் இல்லாமல் போச்சு, நான் பேசுகிறேன். ஷ் என்றாலே நேற்று முளைத்தது என்று சொல்லக் கூடாது. ரமேஷ், கணேஷ் எல்லாம் ஈசன் வாலை வெட்டிய பெயர்கள்தான், விக்னேஷ் கூட விக்னேஸ்வரன். அவருக்கு ஷ் வேண்டும், உங்களுக்கு ன் வேண்டும், சான்றிதழில் விக்னேஸ்வரன், வீட்டில் விக்னேஷ். எழுத்தும் வி, ஜோசியரும் பேச மாட்டார். வினிஷ் எந்தச் சாமியின் வால் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை, அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

புனேயில் இருப்பவன்:
புகழ், மகிழ் மாதிரி ழ் முடிவு யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். கேட்க அழகுதான், ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் இங்கே இருப்பவர்கள் புகஜ் என்றுதான் படிக்கிறார்கள், திருத்தித் திருத்தி அலுத்துவிடும். ன், ர், ல் எங்கேயும் உடையாது. எண் கணிதம் என்று கடைசியில் இன்னொரு எழுத்தைச் சேர்க்கச் சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள், பிறகு ஒவ்வொரு சான்றிதழிலும் அந்த ஒரு எழுத்துக்காக அலைய வேண்டும்.

கொல்லிமலை அடிவாரம்:
ஓ என்று ஜோசியர் சொன்னதை யாருமே கவனிக்கவில்லையே! ஓரி. கடையேழு வள்ளல்களில் ஒருவன், கொல்லிமலையை ஆண்டவன், வல்வில் ஓரி என்று முழுசாக வைத்தாலும் முதல் எழுத்து வ, அதுவும் உங்கள் நாலில் ஒன்று. இங்கே மேலே மலையில் ஆடிப்பெருக்கை ஒட்டி அரசாங்கமே அவனுக்கு விழா எடுக்கிறது. யாழினி, ஓரி, இரண்டும் இ. தோட்டத்தில் ஓரீ என்று கூப்பிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரனும் திரும்பிப் பார்ப்பான். இரண்டெழுத்து, ஆங்கிலத்தில் எழுதினாலும் யாரும் கெடுக்க முடியாது.

கோபி அம்மிணி:
ஓரி என் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டதுங்க. வீட்டுக்காரரிடம் சொன்னேன், ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்றார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமியார் "ஓரிச்சாமி" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார், பிடித்துவிட்டது போலிருக்கிறது. வினிஷுக்கு அர்த்தம் கேட்டதற்குக் கூகுளில் பார்த்துச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பெயரைச் சீக்கிரம் கொடுங்கள் என்கிறார்கள், அதுதான் பதட்டமாக இருக்கிறது.

நொய்யல்கரை:
பதட்டமே வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அவ்வளவுதான், பெயர் இல்லாமலே பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பெயரை ஒரு தடவை ஏற்றிவிட்டால் மாற்றுவதுதான் சிரமம், அதனால் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் வீட்டில் பேசி வைத்துக்கொண்டு அப்புறம் போங்கள்.