ஐப்பசியில் இறுகி, சித்திரையில் ஆடும் இழுப்பறைகள்

கேள்வி (மயிலாடுதுறை)

அன்புடையீர், வணக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் தாத்தா வீட்டு ஓட்டுக்கூரையைப் பிரித்தபோது கிடைத்த தேக்கு உத்திரங்களை மரமில்லில் பலகைகளாக அறுத்து வாங்கி, என் கையாலேயே ஒரு பெட்டகம் செய்தேன். அகலம் மூன்றடி, ஆழம் ஒன்றரை அடி. மேலே இரண்டு சிறிய இழுப்பறைகளும், கீழே 8 அங்குல உயரமுள்ள இரண்டு பெரிய இழுப்பறைகளும் உள்ளன. பக்கங்கள் இரண்டும் முழுப் பலகைகள். தச்சுவேலையை நான் முறையாகக் கற்றவன் அல்லன். இழுப்பறைகளின் மூலைகளைப் பசையிட்டு ஆணி அடித்தே இணைத்தேன்.

முதல் அடைமழைக்கே பெரிய இழுப்பறைகள் இரண்டும் இறுகிவிட்டன. அம்மாவின் பட்டுப்புடவைகள் உள்ளே இருந்ததால் கார்த்திகையில் அவற்றை வலிந்து இழுத்து, மேல்விளிம்பையும் பக்கங்களையும் இழைப்புளியால் இழைத்தேன். அடுத்த சித்திரையில் அதே இழுப்பறைகள் இடைவெளி விட்டு ஆடின. ஒருபக்கமாகத் திரும்பிச் சிக்கவும் செய்தன. வலிந்து இழுத்ததில் ஒன்றின் முகப்புப் பலகையும் ஆணியோடு பெயர்ந்து வருகிறது. நூறாண்டுக்கு மேல் காய்ந்த மரம் இப்படிச் செய்வது ஏன்? புதிதாகச் செய்வதாயின் எப்படிச் செய்ய வேண்டும்? இழுப்பறை வழுக்கி ஓடும் இரும்புச் சானல் பொருத்திவிடலாம் என்று மரக்கடையில் சொல்கிறார்கள், அது சரியா?

மறுமொழி (திருவையாறு)

ஐயா, உங்கள் மரத்தின் மேல் குற்றம் இல்லை. மரம் எத்தனை ஆண்டு காய்ந்திருந்தாலும் காற்றில் உள்ள ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. பழைய மரம் அசையாது என்று நம் பக்கத்தில் பலரும் நம்புகிறார்கள்; பழைய மரம் புதிதாக முறுக்கிக்கொள்வது குறைவு என்பதே உண்மை. கோடையின் வறட்சியிலிருந்து ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மாறும்போது பலகை குறுக்குவாட்டில் விரியும். நாரோட்டத்தின் நீளவாட்டில் விரிவது கணக்கில் கொள்ளத்தக்கதே அன்று.

இதை உங்கள் பெட்டகத்தில் பொருத்திப் பாருங்கள். பெட்டகத்தின் பக்கப் பலகைகளில் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது. ஆகவே இழுப்பறை நுழையும் வாயின் உயரம் எந்த மாதத்திலும் மாறாது. இழுப்பறையின் பக்கங்களிலோ நார் முன்பின்னாக ஓடுவதால் அவற்றின் உயரம் கூடிக் குறையும். தட்டையாக அறுத்த 8 அங்குலத் தேக்குப் பலகையில் ஈரம் 4 விழுக்காடு கூடினால் உயரம் ஏறக்குறைய அரை நூல் கூடும் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). அகலவாட்டிலோ முகப்பும் குறுக்குச் சட்டங்களும் நாரின் நீளத்திலேயே கிடப்பதால் ஏறக்குறைய மாற்றமே இராது. நீங்கள் மேல்விளிம்பை மழையில் இழைத்தது அளவோடு நின்றிருந்தால் தவறில்லை. பக்கங்களை இழைத்ததுதான் இழுப்பறையைத் திரும்பிச் சிக்கும்படி செய்துவிட்டது.

எனவே பக்கவாட்டில் இருபுறமும் சேர்த்து அரை நூலுக்கும் குறைவாகவே இடைவெளி விடுங்கள். மேலே, மாசி பங்குனியில் வேலை செய்தால் முக்கால் நூல் விடுங்கள். மழைக்காலத்தில் பொருத்தினால் கால் நூல் போதும். பக்கப் பலகைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, தலைப்பில் தெரியும் வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்பவற்றை எடுங்கள். அவை தட்டை அறுப்புப் பலகையைவிட வெகுவாகக் குறைவாகவே விரியும்.

மறுமொழி (கும்பகோணம்)

திருவையாற்று நண்பர் கூறியதை முழுவதும் ஏற்கிறேன். சானலைப் பற்றி என் கருத்தைச் சேர்க்கிறேன். வழக்கமான பக்கச் சானலுக்கு ஒவ்வொரு புறமும் அரை அங்குலம் இடம் வேண்டும்; ஓர் அங்குல அகலத்தை இழப்பதோடு, தாத்தா வீட்டுத் தேக்கில் செய்த பெட்டகத்தில் இரும்பைத் திருகுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. பாத்திரம் அடுக்கும் கனமான இழுப்பறையாக இருந்தால் வேறு பேச்சு. புடவைக்கு மரத்தின் மேல் ஓடும் மரமே போதும்.

மூலைகளுக்கு, டவ்டெயில் என்று பட்டறையில் சொல்லப்படும் புறாவால் மூட்டையே போடுங்கள். இழுக்கும் விசை முழுவதும் முகப்பிலிருந்து பக்கங்களைப் பிரிக்கவே முயல்கிறது. ஆணியோ அந்தத் திசையிலேயே உருவி வந்துவிடும், ஆனால் ஆப்பு வடிவில் விரிந்த வால் பசை விட்டுப்போனாலும் வெளியே வராது. தேக்குக்கு 8 பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு சரிவு வைத்தால் போதும். முன்புறம் மூட்டு தெரியாதபடி முகப்பின் தடிப்பில் கால் பங்கை விட்டு உளியால் குடையுங்கள். பின்புறம் மூட்டு ஊடுருவி வரலாம்.

அடிப்பலகையில் பலர் தவறுகிறார்கள். நார் இடவலமாக ஓடும்படி அதை வைத்து, முகப்பிலும் பக்கங்களிலும் வெட்டிய காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பின்புறமிருந்து செருகுங்கள். பின்பலகையின் கீழ்விளிம்பு காடிக்கு மேலேயே முடிய வேண்டும். பசை தடவக் கூடாது. ஒன்றரை அடி ஆழத்தில் அடிப்பலகை ஆண்டுக்குள் ஒரு நூல் அளவுகூட அசையும். பின்விளிம்பில் நீள்துளையிட்டு ஒரே ஒரு திருகாணி போட்டால் அந்த அசைவு முழுவதும் பின்னோக்கிப் போய்விடும்.

பொருத்தும்போது முதலில் முகப்பைத் தனியாக இழைத்து வாயில் இறுக்கமாகப் பொருத்திக்கொள்ளுங்கள். அதன் அளவிலிருந்தே மற்றவை பிறக்கட்டும். பின்பலகை முகப்பைவிட மயிரிழை குறுகலாக இருக்கட்டும். பசை காயுமுன் இரு மூலைவிட்டங்களும் சமமா என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு பெட்டகத்தின் உட்புறச் சட்டங்களில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து இழுப்பறையைச் செலுத்தி எடுத்தால், எங்கே உரசுகிறதோ அங்கே வெண்மை படியும். அந்த இடத்தை மட்டும் இழையுங்கள். இறுதியாகத் தேன்மெழுகு தேயுங்கள், எண்ணெய் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி இழுப்பறைகளைக் கழற்றிப் பார்த்தேன். அவை ஓடும் சட்டங்களைப் பக்கப் பலகையில் முழுநீளமும் பசையிட்டு ஒட்டியிருக்கிறேன். இடப்பக்கப் பலகையில் மேலிருந்து கீழாக ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய வெடிப்பும் விழுந்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? வெடிப்பை இப்போதே மக்கு வைத்து அடைத்துவிடலாமா?

மறுமொழி (திருவையாறு)

தொடர்பு உண்டு ஐயா. பக்கப் பலகை கோடையில் முன்பின்னாகச் சுருங்க முயல்கிறது. அந்தச் சட்டமோ நீளவாட்டில் சுருங்காமல் அதைப் பிடித்து நிறுத்துகிறது. இடையில் சிக்கிய பலகைக்கு வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. முதலில் சட்டங்களைக் கவனமாகப் பெயர்த்தெடுத்து, முன்முனையை மட்டும் குறுக்குச் சட்டத்தில் கழுந்து (துளைக்குள் செருகும்படி செதுக்கிய முனை) வைத்து ஒட்டுங்கள். பின்முனையை நீள்துளையில் ஒரு திருகாணியால் பிடியுங்கள். இழுப்பறையை நிறுத்தும் தடைக்கட்டையையும் பின்புறம் வைக்காமல், முகப்பின் உட்புறம் வந்து முட்டும்படி முன் குறுக்குச் சட்டத்தின் மேல் வையுங்கள். அப்போது பக்கப் பலகை சுருங்கினாலும் முகப்பு வெளியே துருத்தாது.

மக்கு வைக்க வேண்டாம். கோடையில் விரிந்திருக்கும் வெடிப்பை நிரப்பினால், மழையில் பலகை விரியும்போது அந்த அடைப்பே அதை மேலும் நெருக்கும். சட்டங்களை விடுவித்த பிறகு ஒரு மழைக்காலம் கடக்கட்டும். தை மாதத்திலும் வெடிப்பு மூடாமல் இருந்தால், மீந்த அதே உத்திரத்துத் தேக்கில் மெல்லிய சீவல் எடுத்து, நாரோட்டம் ஒத்துப்போகும்படி செருகி ஒட்டுங்கள்.