‘ஃபார்ஃபிட்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒப்பந்தத்தில் எப்படித் தமிழாக்குவது?

கேள்வி:
வணக்கம். வீட்டுக் கிரைய உடன்படிக்கை ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வாங்குபவர் கெடுவுக்குள் மீதித் தொகையைச் செலுத்தாவிட்டால், அவர் கொடுத்த முன்பணம் ‘ஃபார்ஃபீட்’ ஆகும் என்று ஒரு வரி வருகிறது. அகராதியைப் பார்த்து ‘முன்பணம் இழக்கப்படும்’ என்று எழுதினேன். பணம் எங்கோ தொலைந்துபோவதுபோல் இருக்கிறது. ‘பறிமுதல் செய்யப்படும்’ என்று மாற்றினால், வீட்டை விற்கும் பெரியவர் சுங்க அதிகாரியாகிவிடுகிறார். எப்படி எழுதலாம்?

மறுமொழி 1:
பறிமுதல் என்றால் ஒருவர் கையில் இருப்பதை அதிகாரம் உடைய இன்னொருவர் எடுத்துக்கொள்வது. இங்கே பணம் முன்பே விற்பவர் கையில் இருப்பதால் பறிப்பதற்கு எதுவும் இல்லை. வாங்குபவர் தம் தவறினால் அதைத் திரும்பக் கேட்கும் உரிமையைத்தான் இழக்கிறார். நமக்கு நன்கு பழகிய உதாரணம் தேர்தல் டெபாசிட். மக்களவைத் தேர்தலில் பொதுப்பிரிவு வேட்பாளர் 25,000 ரூபாயை முதலிலேயே கட்டிவிடுகிறார். தோற்றவர் செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் அத்தொகை திரும்பி வராது. சட்டம் இதற்கு ஆளும் சொல் ‘ஃபார்ஃபிட்’ தான். ‘டெபாசிட் இழந்தார்’ என்று ஆளை எழுவாயாக்கி நாம் சொல்வதுபோலவே உங்கள் வரியையும் அமையுங்கள், ‘இழக்கப்படும்’ என்ற செயப்பாட்டு வினை தேவைப்படாது.

மறுமொழி 2:
எழுத்துக்கூட்டைப் பார்த்து ‘ஃபீட்’ என்று நீட்ட வேண்டாம், ‘ஃபார்ஃபிட்’ என்பதே உச்சரிப்பு. பழைய பிரெஞ்சில் இதன் மூலச்சொல் குற்றத்தைக் குறித்தது. குற்றத்துக்குரிய தண்டம் என்ற பொருள் பின்னால் வந்தது. அதனால்தான் பேருந்தில் குடையை மறந்து வைத்துவிட்டு வந்தவர் இச்சொல்லைப் பயன்படுத்த முடியாது. அது வெறும் ‘லாஸ்ட்’. 2006இல் ஓவல் டெஸ்டில், பந்தைச் சேதப்படுத்தியதாக நடுவர்கள் தண்டம் விதித்ததை எதிர்த்துப் பாகிஸ்தான் அணி தேநீர் இடைவேளைக்குப் பின் உரிய நேரத்தில் களமிறங்காததால், ஆட்டம் இங்கிலாந்துக்குக் கொடுக்கப்பட்டது. அப்போதும் இதே சொல்தான்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘வாங்குபவர் கெடுவுக்குள் மீதித் தொகையைச் செலுத்தத் தவறினால், தாம் கொடுத்த முன்பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையை இழந்துவிடுவார், அத்தொகையை விற்பவர் இழப்பீடாக வைத்துக்கொள்ளலாம்.’

மறுமொழி 1:
முதல் பாதி நன்றாக இருக்கிறது. இரண்டாம் பாதியில் ‘இழப்பீடாக’ என்பது நீங்கள் சேர்த்தது. மூலத்தில் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். ஒப்பந்தத்தை மீறியவரிடமிருந்து எவ்வளவு இழப்பீடு பெறலாம் என்பதை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவில் தனியாகச் சொல்கிறது. அந்த வழக்கை உங்கள் ஒற்றைச் சொல் தொடங்கிவைக்க வேண்டாம்.